குளிர்நாட்டுத் தமிழ்ச் சங்கங்களுக்கு: மாவு பொங்கும் பாடத்தையும் சொல்லிக்கொடுங்கள்

சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

பொங்கலுக்கும் சித்திரைத் திருநாளுக்கும் நீங்கள் நடத்தும் விருந்தில் பிள்ளைகள் இட்லியை ஆசையாகச் சாப்பிடுகிறார்கள். அந்த மாவு எப்படிப் பொங்கியது என்று அவர்களுக்கு யாரும் காட்டுவதில்லை. புதிதாகக் குடியேறியவர்களில் பலர் முதல் குளிர்காலத்திலேயே மாவு அரைப்பதை விட்டுவிட்டுச் சோடா உப்பைக் கையில் எடுக்கிறார்கள். அவர்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. ‘ராத்திரி அரைத்து வை, காலையில் பொங்கியிருக்கும்’ என்பது நம் ஊர் இரவுக்குச் சொன்ன கணக்கு. 18 டிகிரி வீட்டில் அதே மாவு விடிந்த பிறகும் அரைத்து வைத்தபடியே கிடக்கும்.

ஆகவே ஒரு வகுப்பு வையுங்கள், அதுவும் குளிர் உச்சத்தில் இருக்கும் மாதத்தில். சனிக்கிழமை அரைத்து, ஞாயிறு அவித்துக் காட்டுங்கள்.

4 டம்ளர் இட்லி அரிசிக்கு 1 டம்ளர் தோல் நீக்கிய முழு உளுந்து, 1 தேக்கரண்டி வெந்தயம். அரிசி 6 மணி நேரம் ஊறட்டும். உளுந்து பழையதாக இருந்தால் 3-க்கு 1 என்று கூட்டிக்கொள்ள வேண்டும். வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்தின் பிசுபிசுப்புதான், நாள்பட்ட உளுந்தில் அது குறைந்துபோகும். அரைத்த உளுந்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுக் காட்டுங்கள். மிதந்தால் பதம், மூழ்கினால் இன்னும் அரைக்க வேண்டும். மிக்ஸி என்றால் ஐஸ் தண்ணீர் தெளித்து, விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். சூடேறினால் நுரை நிற்காது.

கையால் கரைத்தால்தான் புளிக்கும் என்று வகுப்பில் யாராவது சொல்வார்கள். கையால் கரைப்பது நல்ல வழக்கம்தான், உப்பு சீராகக் கலக்கும். ஆனால் மாவைப் பொங்க வைக்கும் லியூக்கோனாஸ்டாக் பாக்டீரியா உளுந்தோடேயே வருகிறது. அதற்கு வேண்டியது 28 முதல் 32 டிகிரி வெப்பம். 40-ஐ நெருங்கினால் அது சோர்ந்துவிடும், புளிப்பு மட்டும் ஏறும்.

மாவை ‘அவன்’ (oven) அடுப்புக்குள் வையுங்கள், ஆனால் இந்த வெப்பத்துக்கு அதை மூட்ட வேண்டாம். உள்விளக்கை மட்டும் எரியவிட்டால் பெரும்பாலும் போதும். ஆனால் எல்.இ.டி. விளக்கு சூடு தராது. அப்போது மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரம் வெந்நீர் வைத்து, ஆறியதும் மாற்ற வேண்டும். தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே வைத்து எல்லோரையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அடுப்பின் கதவில் ‘உள்ளே மாவு’ என்று சீட்டு ஒட்டுவது அவசியம், தெரியாமல் யாராவது மூட்டினால் எல்லாம் போச்சு. பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. 12 முதல் 16 மணி நேரம் ஆகலாம். பொங்கிய மாவை அடித்துக் கலக்காமல் மேலாக அள்ளி ஊற்றினால்தான் இட்லி பூவாக வரும்.

முடிந்தால், வந்தவர்கள் கையில் இரண்டு கரண்டி புளித்த மாவைக் கொடுத்தனுப்புங்கள். வீட்டில் அரைத்த புது மாவில் அதைக் கலந்தால் சீக்கிரம் பொங்கும். டப்பா மூடியை மட்டும் இறுக்க வேண்டாம். வழியிலேயே வாயு சேர்ந்து தெறித்துவிடும்.