நாலு மணிக்கு லைற் போட்ட வீடுகளுக்கு

அன்பான எங்கள் ஊராருக்கும், அயலூர்ச் சனத்துக்கும், வெளிநாட்டில் இருந்துகொண்டு நேரக் கணக்குப் பார்த்து போனில் கேட்ட பிள்ளைகளுக்கும் வணக்கம்.

திருவாதிரையோடு இந்த வருடத் திருவெம்பாவை பத்து நாளும் குறையில்லாமல் நிறைவேறியது. குறையில்லாமல் என்று எழுதிவிட்டுக் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. மூன்றாம் நாள் பாட்டு நின்றது. ஐந்தாம் நாள் யானை நின்றது. எட்டாம் நாள் ஆர்மோனியத்துக்குள் மழை போனது. என்றாலும் பத்து விடியலும் பாடினோம், ஒரு படலையையும் விட்டுவிட்டு வரவில்லை.

மார்கழி விடியலில் வீடு வீடாகப் போய்த் திருவெம்பாவை பாடுகிற எங்கள் குழுவில் பதினேழு ஆம்பிளைகள். அதில் பாடாதவன் நான் ஒருவன்தான். சேமக்கலம் என்கிற வெண்கலத் தட்டை அடிப்பதும் கணக்குக் கொப்பி எழுதுவதும் என் வேலை. பாடாதவனுக்குத்தானே சுற்றிவரப் பார்க்க நேரம் இருக்கும் என்று சொல்லி, நன்றி மடலையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதல் நன்றி பெரியையாவுக்கு. எனக்கு நினைவு தெரிந்த நாள் தொட்டு முன்பாட்டு அவருடையது. அவர் அடியை எடுப்பார், மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள், கடைசியில் ‘ஏலோர் எம்பாவாய்’ என்று எல்லாரும் சேர்ந்து இறக்குவார்கள். போன ஆவணியில் அவருக்குத் தொண்டையில் ஒப்பரேசன். உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல் காற்றாகிப் போய்விட்டது. காதுக்குக் கிட்டப் போனால்தான் கேட்கும்.

அப்போது இரண்டு யோசனை வந்தது. ஒன்று, இந்த வருடம் விட்டுவிடுவோம். மற்றது, பென் டிரைவில் நல்ல ஓதுவார் பாடினது இருக்கிறது, கோயில் ஸ்பீக்கரில் விடிய மூன்று மணிக்குப் போட்டுவிடுவோம். இரண்டாவதைச் சொன்னவர் நல்ல மனதோடுதான் சொன்னார், அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்பீக்கரில் போட்டால் ஒருவரும் ஒழுங்கைக்குள் இறங்கத் தேவையில்லையே. சேறு, நாய், பனி எல்லாவற்றுக்குள்ளாலும் நடந்துபோய் ஒரு வீட்டுப் படலையில் நின்று பாடுவதற்குத்தான் இந்தக் குழு.

பெரியையா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் தன் தடித்த அட்டைச் சீ.ஆர். கொப்பியைக் கொண்டுவந்து வாசிகசாலை மேசையில் வைத்தார். அந்தக் கொப்பியை அதுவரை ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. திருவெம்பாவை இருபது பாட்டு, திருப்பள்ளியெழுச்சி பத்துப் பாட்டு, எந்த இடத்தில் மூச்சு எடுக்கவேண்டும் என்று சிவப்புப் பேனையால் அடையாளம். செத்த வீட்டில் சுண்ணம் இடிக்கிறபோது பாடும் திருப்பொற்சுண்ணமும் இருந்தது. பின் பக்கங்களில் குருவிப் பள்ளும் பன்றிப் பள்ளும். வயலுக்குக் குருவியும் பன்றியும் வராமல் இருக்கப் பாடுகிற பாட்டுகள். அவருடைய தகப்பனார் பரணில் இருந்து பாடக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கொப்பி சொப்பின் பைக்குள் சுற்றி, அவரோடு முள்ளிவாய்க்கால் வரை போய், இடம்பெயர்ந்த சனத்தை வைத்த செட்டிக்குளம் முகாமுக்கும் போய்த் திரும்பி வந்தது. 2009 மார்கழியில் முகாமில் எங்களிடம் சங்கும் இல்லை, சேமக்கலமும் இல்லை. பால்மாப் பேணியில் கரண்டியால் தட்டித்தான் நாலு கூடாரத்துக்கு முன்னால் பாடினோம். பேணி தட்டினவன் நான். அப்படித்தான் இந்தப் பதவி எனக்குக் கிடைத்தது.

இப்போது நாங்கள் ஊதுகிற சங்கு, மீள்குடியேறி வந்தபிறகு சிலாவத்தைப் பக்கத்துக் கடற்றொழிலாளி ஒருவர் கொண்டுவந்து தந்தது. பேரைப் போட வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். அண்ணை, பேர் போடவில்லை. ஆனால் ஒவ்வொரு விடியலிலும் முதலில் ஊரை எழுப்புகிறது உங்கள் சங்குதான்.

கொப்பி கிடைத்தபிறகு முன்பாட்டுக்கு இரண்டு பெடியள் வந்தார்கள். ஒருவர் உயர்தரம் படிக்கிறார், மற்றவர் நெல்லு வெட்டு மெசின் ஓட்டுகிறார். கார்த்திகை முழுக்கப் பின்னேரங்களில் வாசிகசாலையைத் திறந்து, கரண்ட் பில்லையும் தங்கள் தலையில் ஏற்றுக்கொண்ட சனசமூக நிலையத்தாருக்கு நன்றி. கரம் போட் விளையாட வந்து, எங்கள் சத்தம் தாங்காமல் வெளியில் மர நிழலுக்கு மேசையைத் தூக்கிக்கொண்டு போன இளைஞர்களுக்கு மன்னிப்போடு சேர்த்து நன்றி.

இனி மாதா கோயில் பாடகர் குழு மாஸ்டர். இவரைப் பற்றிக் கொஞ்சம் கூடவே எழுதப் போகிறேன்.

எங்கள் பழைய பழக்கம் எல்லாரையும் ஒரே சுருதிக்கு இழுப்பது. பெரியையாவின் சுருதிக்கு ஏறினவன் பாட்டுக்காரன், ஏறாதவன் பின்னால் நின்று வாயசைக்க வேண்டியதுதான். திங்கட்கிழமைகளில் மாஸ்டர் வந்து ஒவ்வொருவரையும் தனித்தனியாக ‘ச’ பிடிக்கச் சொன்னார். பிறகு சொன்னார்: “அண்ணை, இவையள் சுருதி பிழைச்ச ஆக்கள் இல்லை. இவையின்ர குரல் கீழ வீடு கட்டியிருக்கு. நீங்கள்தான் மேல்வீட்டிலை தேடுறீங்கள்.” ஆண் குரலை மட்டும் வைத்துக்கொண்டே நாலாகப் பிரித்துப் பாடலாமாம். முதல் தெனோர், இரண்டாம் தெனோர், பரிட்டோன், எல்லாவற்றுக்கும் அடியில் பாஸ். வேல்ஸ் நாட்டில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த ஆட்கள் வேலை முடிந்து வந்து இப்படித்தான் ஊருக்கு ஊர் கூடிப் பாடினார்கள் என்று சொல்லி, போனில் ஒரு பதிவும் போட்டுக் காட்டினார். பாஷை எங்கள் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனால் பாடினவர்களின் கழுத்தும் தோளும் மூட்டை தூக்கின ஆட்களுடையது என்று பார்த்தவுடனே தெரிந்தது. சூடு மிதிக்கிற களத்தில் விடிய விடியப் பாடின எங்கள் அப்பாமாரின் கழுத்தும் அப்படித்தான்.

நாலாகப் பிரிக்கிற கதையைக் கேட்டதும் மூத்தவர்கள் இரண்டு பேருக்கு முகம் கறுத்தது. திருமுறைக்கு இந்த விளையாட்டு எதற்கு என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு, பாட்டின் பண்ணை உடைத்துப் பாட எங்களுக்கு உரிமையில்லை. மாஸ்டரும் அதை ஒத்துக்கொண்டார். கடைசியில் பாட்டைத் தொடவில்லை. கீழ்க்குரல்காரர் நாலு பேரையும் பின்னால் நிறுத்தி, தாழ்ந்த ‘ச’வை மட்டும் இடைவிடாமல் பிடிக்கச் சொன்னார். முன்பாட்டுக்காரப் பெடியன் அதற்கு மேல் ஏறி நின்று பாடினான். தம்புராவுக்குக் காசு சேர்க்க வேண்டும் என்று நாங்கள் ஐந்து வருடமாகக் கூட்டம் வைத்துக்கொண்டிருந்தோம். நாலு தம்புரா எங்களுக்குள்ளேயே வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறது.

இந்த வருடம் எங்கள் முதல் நாள் நத்தார் விடியலில் வந்தது. நள்ளிரவுப் பூசை முடிந்து, நித்திரைக்கும் போகாமல், போட்ட புதுச் சேட்டோடு மாதா கோயில் குழுவில் இருந்து நாலு பேர் எங்கள் பிள்ளையார் கோயில் வாசலில் வந்து நின்றார்கள். எங்கள் கீழ்க்குரல்காரர் கிழமை முழுக்க அவர்களோடு கரோல் பாடிவிட்டு வந்ததற்குக் கைமாறாம். சேமக்கலத்தை ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தேன். என்னைவிட நல்லாக அடித்தார். அதற்காக அடுத்த வருடம் தரமாட்டேன்.

கார்த்திகை வெள்ளம் பிரித்துப் போட்ட ஒழுங்கைக்கு இரண்டு லோட் கிரவல் பறித்துத் தந்த உழவு இயந்திரக்கார அண்ணைக்கும், ரோச் லைற் எல்லாவற்றுக்கும் பற்றரி தந்துவிட்டுக் காசை எடுக்க மறுத்த தண்ணீரூற்றுக் கடை நானாவுக்கும், வேலைத்தலத்தில் பத்து நாளும் ஒரு மணித்தியாலம் பிந்தி வர விட்ட முதலாளிமாருக்கும் நன்றி. செத்த வீட்டுச் சுண்ணப்பாட்டுக்கு எங்களைக் கூப்பிட்டு, துக்கத்துக்கு நடுவிலும் தேத்தண்ணி தந்து அனுப்பின வீடுகளையும் நினைக்கிறோம்.

ஐந்தாம் நாள் கதை பலருக்குத் தெரியும். ஒட்டுசுட்டானுக்கும் முள்ளியவளைக்கும் இடையில் இருக்கிறவர்களுக்கு யானையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நெல்லுக் குடலை தள்ளுகிற காலம். வயற்காவல் பரணில் இருந்த தம்பிமார் மூன்றரைக்குப் போன் எடுத்து, மதகுக்கு அங்கால் ஒன்று நிற்கிறது, வரவேண்டாம் என்றார்கள். சங்கை இடுப்பில் செருகிக்கொண்டு, லைற்றை நூர்த்துவிட்டு, நாற்பது நிமிடம் ஒரு கச்சான் தோட்டத்து வேலியோடு நின்றோம். ஒருவரும் பாடவில்லை. கீழ்க்குரல்காரர் ஒருவர் மட்டும் பயத்தில் தன்னையறியாமல் ‘ச’ பிடித்துக்கொண்டு நின்றார் என்று பிறகு சொன்னார்கள். தம்பிமார் யானை வெடி கொளுத்தாமல், அது தன் பாட்டில் காட்டுக்குள் இறங்கும்வரை பொறுத்திருந்தார்கள். அன்றைக்கு அவர்கள் போன் எடுத்திருக்காவிட்டால் இந்த மடலை எழுத ஆள் இருந்திருக்குமோ தெரியாது.

இனி மூன்றாம் நாள்.

திருவெம்பாவை பெண் பிள்ளைகளின் பாட்டு. விடிய எழும்பின பிள்ளைகள் ஒவ்வொரு வீடாகப் போய், இன்னும் படுத்திருக்கிற தோழியைக் கூப்பிடுகிற கதை. முதல் எட்டுப் பாட்டும் அப்படித்தான் போகும். அதை மீசை வைத்த பதினேழு ஆம்பிளைகள் தொண்டை கட்டின குரலில் பாடுகிறோம் என்பதை நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை. நாலாவது பாட்டில், உள்ளே கிடக்கிற பிள்ளை திருப்பி ஒரு கேள்வி கேட்பாள்: எல்லாரும் வந்துவிட்டார்களா? வெளியில் நிற்கிறவர்கள் சொல்வார்கள்: எண்ணித்தான் சொல்லவேண்டும், நீயே எழும்பி வந்து எண்ணிப் பார், குறைந்தால் திரும்பப் போய்ப் படு.

மூன்றாம் நாள் அந்தப் பாட்டு, குளக்கட்டுக்குக் கிட்ட இருக்கிற ஒரு வீட்டுப் படலையில் வந்தது. அந்த வீட்டுப் பிள்ளைதான் 2007 மார்கழி வரை எங்களுக்குப் பெற்றோமாக்ஸ் தூக்கினவன். அவனைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவனுடைய அம்மாவுக்குத் தெரிந்த அளவுதான். முன்பாட்டுக்காரப் பெடியன் முதல் அடியை எடுத்தான். இரண்டாம் அடிக்கு வந்ததும் மறந்துபோய் நின்றுவிட்டான். மறந்தானா, வாய் வரவில்லையா என்று நான் கேட்கவில்லை. பெரியையா அவன் தோளில் தட்டினார். மேலே ஏறு என்றால் ஒரு தட்டு, இறங்கு என்றால் இரண்டு. குரல் போனபிறகு அவருடைய வழி அதுதான். பெடியன் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பின்னால் நாலு பேரும் ‘ச’வை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது அடுக்களைப் பக்கம் லைற் எரிந்தது. உள்ளேயிருந்து அந்தக் கேள்வியை அம்மா பாடினார். எல்லாரும் வந்தாரோ என்று கேட்கிற அந்த அடியை, அதே பண்ணில், நாங்கள் பிடித்துக்கொண்டு நின்ற அதே சுருதியில். கொப்பியில் இருக்கிற சிவப்பு அடையாளத்தில்தான் மூச்சும் எடுத்தார். இத்தனை வருடமும் படுக்கையில் கிடந்து கேட்டே பாடமாகியிருக்கவேண்டும். அவர் கேட்டு முடிய, பெடியன் மறுமொழி அடியை எடுத்தான். நாங்கள் சேர்ந்தோம். நான் சேமக்கலம் அடிக்க மறந்துபோனேன்.

நாலாம் நாள் இரண்டு வீட்டில் உள்ளேயிருந்து குரல் வந்தது. ஆறாம் நாள் ஒரு வீட்டில் பேத்தி கேள்வி கேட்க, பாட்டி சிரிக்கிற சத்தமும் கேட்டது. பத்தாம் நாள் நாங்கள் வருமுன்னமே லைற் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்த வீடுகளை எண்ணினேன். எண்ணி முடியவில்லை. இஞ்சி போட்ட பிளேன்ரீ, அவித்த கடலை, அவல், ஒரு வீட்டில் சுடச்சுட மோதகம். இவற்றுக்கும் நன்றிதான். ஆனால் இந்த மடலை எழுத வைத்தது தேத்தண்ணி இல்லை, யன்னலுக்கு அங்காலிருந்து வந்த அந்தக் குரல்கள்.

திருவாதிரைக்கு அடுத்த நாள், கோயில் பிரசாதத்தையும் கொண்டு அந்த அம்மாவிடம் நன்றி சொல்லப் போனேன். நீங்கள் பாடினதாலைதான் அண்டைக்குப் பாட்டு தப்பினது எண்டு சொன்னேன்.

“நான் எங்கை தம்பி பாடினனான்?” என்றார். “எல்லாரும் வந்திட்டீங்களோ எண்டு கேட்டனான், அவ்வளவுதான்.”

வாசிகசாலைப் பலகையில் எங்கள் பேருக்கு முன்னால் ‘ஆண்கள்’ என்று எழுதியிருக்கிறது. அதை அழிக்கிறதா வைக்கிறதா என்று தைப்பொங்கலுக்குப் பிறகு கூட்டம். மூத்தவர்கள் இரண்டு பேரும் இந்த முறையும் முகத்தைக் கறுக்கப் பண்ணிக்கொண்டு வருவார்கள் என்று நினைக்கிறேன். பெரியையா யாருடைய தோளில் எத்தனை தரம் தட்டுவார் என்று பார்க்க நான் காத்திருக்கிறேன்.

நத்தார் விடியலில் எங்கள் சத்தத்துக்கு எழும்பி அழுத கைக்குழந்தையிடமும் அதன் தாயிடமும் மன்னிப்புக் கேட்கிறோம். ஆர்மோனியத்தைக் கழற்றிக் காயவைத்துத் தந்த சைக்கிள் கடைத் தம்பிக்கு நன்றி. இரண்டு கட்டை இன்னும் எழும்பவில்லை, திரும்ப வருவோம்.

ஒன்பதாம் நாள் மழைக்கு எங்களுக்குக் குடை தந்த வீடுகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம். பச்சைக் குடை ஒன்று என்னிடம் இருக்கிறது. உரியவர்கள் வாசிகசாலையில் வந்து எடுக்கலாம். கைப்பிடி எங்களிடம் வரும்போதே உடைந்துதான் இருந்தது.