ஒன்பதாவது குரோமோசோமில் ஒரு மூலை

அன்புள்ள செல்வம்,

அண்ணனுக்கு இதயத் தமனியில் ஸ்டென்ட் வைத்த செய்தியை மீனா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு ஏன் சொல்லவில்லை என்ற சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன். அவர் நடமாடத் தொடங்கிவிட்டார் என்று கேட்டு நிம்மதி. நாங்கள் நலம்.

"சிகரெட் இல்லை, சர்க்கரை இல்லை, பிறகு எப்படி அடைத்தது?" என்று புலம்பினாயாம். எனக்குத் தூக்கம் போனது அந்தக் கேள்வியால்தான்.

2007-இல் மாரடைப்பு வந்தவர்களின் டி.என்.ஏ.வையும் வராதவர்களின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்ட பல ஆய்வுக் குழுக்கள் ஒரே இடத்தில் வந்து நின்றன: 9-ஆவது குரோமோசோமில் 9பி21 என்ற மூலை. அங்கே கொழுப்பைக் கையாளும் மரபணு இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் ஆபத்தோடு பிணைந்த அந்தத் துண்டில் புரதம் தரும் மரபணு எதுவுமே இல்லை. இருப்பது அன்ரில் என்ற நீண்ட ஆர்.என்.ஏ. மட்டுமே, அதாவது டி.என்.ஏ.விலிருந்து நகலெடுக்கப்பட்டும் புரதமாக மாறாத ஓர் இழை. நம் டி.என்.ஏ.வில் புரதத்துக்கான பகுதி 2 சதவீதத்துக்கும் குறைவு, மிச்சமெல்லாம் குப்பை என்று பாஸ்கரன் சார் கரும்பலகையில் அடிக்கோடிட்டாரே, அந்தக் குப்பையில்தான் அன்ரில் இருக்கிறது! அதன் வளைய வடிவம் தமனிச் சுவரின் செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கிறது என்று 2016-இல் ஒரு குழு காட்டியது. ஆபத்தான மரபு வகை உள்ளவர்களிடம் அந்த வளையம் குறைவு.

என்னை இன்னும் மயக்குவது மைக்ரோ ஆர்.என்.ஏ.-33, மற்ற மரபணுக்களின் செய்தியை அடக்கும் குட்டி ஆர்.என்.ஏ.க்களில் ஒன்று. சுமார் 20 எழுத்துதான் நீளம். செல்லுக்குக் கொலஸ்டிரால் போதாதபோது அதைத் தயாரிக்கச் சொல்லும் மரபணு ஒன்று விழிக்கிறது. இந்தக் குட்டி அதன் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருப்பதால் கூடவே விழித்து, கொலஸ்டிராலை வெளியே அனுப்பும் ஏ.பி.சி.ஏ.1 என்ற புரத வாசலைச் சாத்திவிடுகிறது. பற்றாக்குறையில் அது நல்ல ஏற்பாடு. தமனிச் சுவரில் கொழுப்பை விழுங்கி நிற்கும் வெள்ளணுவுக்கோ அதுவே வினை: உள்ளே போனது வெளியே வர வழியில்லாமல் நுரைத்த செல்லாகிப் படிந்துவிடுகிறது. எலிகளில் இந்த ஆர்.என்.ஏ.வை அடக்கியபோது படிவு குறைந்தது. நீண்ட நாள் அடக்கிய வேறொரு எலிச் சோதனையில் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தது. அது இன்னும் மருந்தாகவில்லை, அவசரப்படுவதும் கூடாது.

குட்டி ஆர்.என்.ஏ.வால் மரபணுவின் செய்தியை அடக்கும் இதே வழியில் பிறந்த ஒரு மருந்து வந்துவிட்டது: இன்க்லிசிரான். ஆய்வகத்தில் செய்த குறு ஆர்.என்.ஏ. அது. கல்லீரலுக்குள் போய், எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்டிராலை ரத்தத்திலிருந்து பிடித்தெடுக்கும் ஏற்பிகளை அழிக்கிற பி.சி.எஸ்.கே.9 புரதத்தைச் செய்யச் சொல்லும் ஆர்.என்.ஏ. செய்தியையே வெட்டிவிடுகிறது. தொடக்கத் தவணைகளுக்குப் பிறகு 6 மாதத்துக்கு ஓர் ஊசி. எல்.டி.எல். ஏறக்குறைய பாதியாகிறது. படிக்கும்போது எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டேன், செல்வம்!

இனி கவனமாகக் கேள். ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. அளந்து மாரடைப்பைக் கணிப்பதாக யாராவது பரிசோதனை விற்றால் வாங்காதே. ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது, அதை வைத்து வைத்தியம் செய்யும் நிலை இன்னும் வரவில்லை. அண்ணன் கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் பார்த்துக்கொள். அடைப்பு ஆபத்தைக் கூட்டும் லிப்போபுரதம்-ஏ என்ற கொழுப்புத் துகளின் அளவு பார்த்தார்களா என்று மருத்துவரிடம் கேள். அது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, வழக்கமான கொழுப்புப் பரிசோதனையில் தெரியாது. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் போதும். அண்ணனுக்கு அது கூடுதலாக இருந்தால் நீயும் பார்த்தாக வேண்டும்.

உன் எல்.டி.எல். எவ்வளவு? கடைசியாக எப்போது பார்த்தாய்? மழுப்பாமல் பதில் எழுது.

அன்புடன்,
ரகு