முன்பணம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களில் ‘ஆள் நிற்பதில்லை’ என்ற புலம்பல் எழும்போதெல்லாம் முன்பணம், வருகைப் படி, இலவச வேன் என்றே பேச்சு போகிறது. அவையும் வேண்டும்தான். ஆனால் ஒருவர் வேலையில் நீடிக்க மூன்று காரணங்கள் உண்டு என்று மேயர், ஆலன் என்ற ஆய்வாளர்கள் 1991-ல் வகுத்துக் காட்டினார்கள்: போனால் நஷ்டம், போவது முறையல்ல, இருக்கவே பிடித்திருக்கிறது. முன்பணம் கட்டிப்போடுவது முதல் காரணத்தால்; கடன் தீர்ந்ததும் கட்டு அவிழ்ந்துவிடும். மூன்றாவது காரணம் பிறப்பது வேலை தரப்படும் விதத்தில்.

துணி ஓரங்களை மூட்டும் ஓவர்லாக் மிஷினில் உட்காரும் டெய்லர் நாள் முழுக்கத் தோள் மட்டும் மூட்டுகிறார். அது என்ன சட்டையாகிறது, யார் போடப்போகிறார் என்பது அவருக்குத் தெரியாது. ஆர்டர் தொடங்கும் நாளில் முழுதாகத் தைத்த பீஸ் ஒன்றைத் தையல் வரிசையின் (லைன்) முன்னால் மாட்டி, எந்த வயதுக் குழந்தைக்கு என்று சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். நூல் இறுக்கம் கூடினால் தலை நுழையும்போது கழுத்துத் தையல் அறும் என்பதை இழுத்தே காட்டுங்கள். பிசிறு வெட்டும் கைமடிப் பெண்களும் அங்கே நிற்க வேண்டும். அவர்களைத்தான் எப்போதும் விட்டுவிடுகிறார்கள். வேலையின் பயனை நேரில் காட்டினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்காகத் தொலைபேசியில் நன்கொடை திரட்டியவர்கள், அந்தப் பணத்தில் படித்த மாணவர் ஒருவரைச் சில நிமிடங்கள் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்து அவர்கள் பேசிய நேரம் இரு மடங்கைத் தாண்டியிருந்தது. உளவியலாளர் ஆடம் கிராண்ட் குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வு இது.

பிழையால் திருத்தத்துக்கு வரும் பீஸ் (ஆல்டர் பீஸ்), அதைத் தைத்தவர் கைக்கே, அன்றைக்கே திரும்ப வேண்டும். தனி ஆளிடம் கொடுத்துச் சரிசெய்தால் பிழை எங்கே நடந்தது என்று தைத்தவருக்குக் கடைசிவரை தெரியாது.

இந்த முயற்சிகள் பெரும்பாலும் கெடுவது கூலியில். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கிப் பதிவேட்டில் ஒட்டிய பிறகே புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டால் பண்டல் முழுவதும் மெட்டல் டிடெக்டருக்குப் போகும். குழந்தையின் தோலைக் காக்கும் வேலை அது. ஆனால் பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கித் தைப்பவருக்கு அந்த நேரத்துக்குக் கூலி இல்லையென்றால் மறைக்கத்தான் தோன்றும். அந்த நேரத்துக்கு நாள் சராசரிக் கூலியைக் கணக்கிட்டுத் தர வேண்டும். ஓவர்லாக்கிலிருந்து பேட்லாக் என்ற வேறு வகைத் தையல் மிஷினுக்கு மாற்றும்போதும் அப்படியே. புது மிஷினில் கை பழகும்வரை பீஸ் குறையும், கூலியும் குறையும். ‘புதிதாகக் கற்றுக்கொள்’ என்ற அறிவுரை அவர் காதில் தண்டனையாகவே விழும். கூலியைச் சரிசெய்யாமல் ‘நாம் ஒரே குடும்பம்’ என்று சுவரில் எழுதுவது தொழிலாளியை அவமதிப்பது.

மாற்றம் வந்ததா என்று தீபாவளி, பொங்கல் மாத வருகையை வைத்து அளக்காதீர்கள். அப்போது எல்லோரும் ஊருக்குப் போவார்கள். தான் செய்த பிழையைத் தானாக வந்து சொல்பவர்கள் கூடுகிறார்களா என்று மாதாமாதம் எண்ணுங்கள்.

இப்படிக்கு,
பின்னலாடைத் துறை மனிதவளப் பணியாளர்கள்,
திருப்பூர்.