கோழி செத்த வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்றதும் புளியரைச் சோதனைச் சாவடியில் லாரிச் சக்கரத்துக்கு மருந்து அடிக்கும் படமும், கறிக்கோழி கிலோவுக்கு எவ்வளவு இறங்கியது என்ற விவரமும் நாளிதழ்களில் வந்துவிடுகின்றன. இரண்டும் வேண்டியவையே. ஆனால் இந்தியாவில் இந்த நோய் மனிதரைத் தொட்ட வரலாற்றைப் புரட்டினால் நாம் பார்க்க வேண்டிய இடம் வேறு என்று தெரிகிறது. வீட்டுப் புறவாசலும் குழந்தைகள் வார்டும்தான் அந்த இடம்.

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நந்தூர்பார் மாவட்டம் நவாப்பூரில் கோழிகளிடம் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் இந்தியாவில் முதன்முதலாக உறுதியானது. 2008-இல் மேற்கு வங்கத்தில் சுமார் 40 லட்சம் பறவைகள் அழிக்கப்பட்டன. 2014-இலிருந்து கேரளத்தின் குட்டநாட்டு வாத்துகளுக்குத் திரும்பத் திரும்ப வந்தது. இவ்வளவு நடந்தும் 2018 வரை இந்தியாவில் ஒரு மனிதருக்குக்கூடத் தொற்று உறுதியாகவில்லை.

2019-இல் மகாராஷ்டிரத்தின் மேல்காட் மலைக் கிராமம் ஒன்றில் 17 மாத ஆண் குழந்தைக்கு எச்9என்2 என்ற இன்னொரு வகைப் பறவைக் காய்ச்சல் வைரஸ் இருப்பது தெரிந்தது. இருமல், காய்ச்சலோடு குணமான குழந்தை அது. வேறொரு சுவாச வைரஸ் ஆய்வுக்காக அங்கே சளி மாதிரி எடுத்துக்கொண்டிருந்ததால்தான் கண்ணில் பட்டது. ஆய்வு நடந்திராவிட்டால் சாதாரணச் சளியாகவே போயிருக்கும். 2021 ஜூலையில் அரியானாவைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவன் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இறந்தான். இந்தியாவில் எச்5என்1 கொண்டுபோன முதல் உயிர். ரத்தப் புற்றுநோயும் இருந்த பிள்ளை அவன். 2025 மார்ச்சில் ஆந்திரத்தின் நரசராவ்பேட்டையைச் சேர்ந்த 2 வயதுப் பெண் குழந்தை இறந்தது. வீட்டில் கோழிக்கறி நறுக்கும்போது ஒரு துண்டைப் பச்சையாகத் தின்றதாகச் செய்திகள் கூறின. அதே கறியைச் சமைத்துச் சாப்பிட்ட மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2024-இல் கொல்கத்தா வந்து திரும்பிய ஆஸ்திரேலியச் சிறுமிக்கும் எச்5என்1 உறுதியாகி, அவள் பிழைத்தாள்.

மேற்கு வங்கத்தின் 4 வயதுக் குழந்தையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2024 ஜனவரி 26-இல் காய்ச்சல், வயிற்றுவலி என்று டாக்டரிடம் காட்டினார்கள். மூன்றே நாளில் வலிப்பு. பிப்ரவரி 1-இல் தீவிர சிகிச்சைப் பிரிவு. மறுநாள் பரிசோதனையில் இன்ஃப்ளூயன்சா ‘பி’யும் அடினோ வைரசும் இருப்பதாக வந்தது. பிப்ரவரி 28-இல் வீட்டுக்கு அனுப்பினார்கள். மார்ச் 3-இல் மூச்சுத் திணறல் திரும்பி, வேறு மருத்துவமனையில் சேர்த்தார்கள். மார்ச் 5-இல் எடுத்த மாதிரியில் இன்ஃப்ளூயன்சா ‘ஏ’ (பறவைக் காய்ச்சல் வைரஸ்கள் அடங்கும் பிரிவு) என்று வந்தது. எந்த வகை ‘ஏ’ என்பது தெரியவில்லை. மாதிரி புனே தேசிய வைராலஜி நிறுவனத்துக்குப் போய், எச்9என்2 என்று விடை வந்தது ஏப்ரல் 26-இல். மே 1-இல் ஆக்சிஜன் துணையோடு குழந்தை வீடு திரும்பியது. முதல் காய்ச்சலிலிருந்து விடை வரை மூன்று மாதம். வீட்டிலும் சுற்றுப்புறத்திலும் கோழிகள் இருந்தன.

விவரம் தெளிவாக வெளிவந்த இந்த ஐந்து பேருமே சிறுவர்கள், குழந்தைகள். ஒருவர்கூடப் பண்ணைத் தொழிலாளி அல்லர்; கோழி அழிக்கப் போன ஊழியரும் அல்லர்.

நம் பக்கத்து வழக்கங்களை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கோழி தூங்கி விழுந்தால் ‘சாகுமுன் அறுத்துவிடு’ என்பது பல வீடுகளில் இன்றும் உள்ளதுதான். சீக்குக் கோழியின் ரத்தத்திலும் எச்சிலிலும் கழிவிலும் அந்த நேரத்தில்தான் வைரஸ் நிறைந்திருக்கும். குழம்பு கொதித்தால் வைரஸ் செத்துவிடும். கறியின் உட்பகுதி வரை 70 டிகிரி சூடு ஏறினால் போதும். ஆபத்து அதற்கு முந்தைய வேலையில் இருக்கிறது. அறுப்பது, வெந்நீரில் முக்கி இறகு பிய்ப்பது, குடலை எடுப்பது, குழாயடியில் அலசித் தெறிக்க விடுவது, கறி நறுக்கிய அரிவாள்மணையில் அப்படியே வெங்காயம் அரிவது. அப்போது பக்கத்தில் உட்கார்ந்து இறகை எடுத்து விளையாடுவது குழந்தைதான். கோயில் கொடைக்குச் சேவல் அறுக்கும் இடத்திலும் இதே கதை.

இன்னொன்று, வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கு நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து ஊற்றி, மேலே நல்லெண்ணெய் கொடுப்பது. சத்து வேண்டும் என்ற அக்கறையில் செய்வதை நான் குறை சொல்லவில்லை. முட்டையை மஞ்சள்கரு கெட்டியாகும் வரை அவித்துக் கொடுத்தாலும் அந்தச் சத்து கிடைக்கும். அக்கம்பக்கத்தில் கோழிகள் சாகிற காலத்தில் ஆஃப்பாயிலும் கலக்கியும் வேண்டாம்.

கோழி செத்தால் ‘வெள்ளைக்கழிச்சல்தான்’ என்று விட்டுவிடுகிறோம். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து கழுத்துத் திருகினால் பெரும்பாலும் அதுதான். கொண்டையும் தாடியும் நீலம் பாய்ந்து, முகம் வீங்கி, காலில் ரத்தப் புள்ளி தெரிந்து, ஒரே இரவில் நாலைந்து விழுந்தால் பறவைக் காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் கண்ணால் பார்த்து யாரும் உறுதி சொல்ல முடியாது. போபாலில் உள்ள விலங்கு நோய் ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். கழிச்சலுக்குப் போட்ட தடுப்பூசி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. எச்9என்2 வகையோ கோழியைப் பெரிதாகக் கொல்வதே இல்லை. முட்டை குறையும், லேசாகத் தும்மும், அவ்வளவுதான். ஆகவே கோழி சாகவில்லை என்பதாலும் நிம்மதி கொள்ள முடியாது.

செத்த கோழியை வாய்க்காலில் எறியாதீர்கள். தண்ணீரில் வைரஸ் நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். கார், பிசான அறுவடை முடிந்த வயல்களில் மேயும் வாத்துக் கூட்டங்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. வாத்து பல வேளைகளில் நோய் காட்டாமலே வைரசைச் சுமக்கும். பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி, கோழியைப் பிடித்து, பையை அப்படியே உள்புறம் வெளிப்புறமாகத் திருப்பிக் கட்டி, நாய் எட்டாத நிழலில் வைத்துவிட்டுக் கால்நடை உதவி எண்ணான 1962-க்கு அழைக்க வேண்டும். உடனே புதைத்துவிட்டால் மாதிரி எடுக்க வழியில்லை. கால்நடை மருத்துவர் சொன்ன பிறகு ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்கலாம். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இந்த வைரசின் மேலுறை கொழுப்பாலானது; சோப்பில் உடைந்துவிடும்.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தைப் பற்றியும் கேட்பார்கள். அங்கு வரும் வரித்தலை வாத்து, 2005-இல் சீனாவின் சிங்காய் ஏரியில் எச்5என்1-ஆல் கொத்துக்கொத்தாக மடிந்த இனம் என்பது உண்மை. அதற்காகப் பறவைகளை விரட்டினால் நோயைத்தான் ஊர் ஊராக அனுப்புவோம். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. கூட்டிலிருந்து விழும் குஞ்சைப் பெரியவர்கள் மட்டும், கையுறையும் முகக்கவசமும் அணிந்து எடுக்கட்டும். எச்சம் கலந்த குளத்து வண்டலை நன்றாக வெயிலில் காய்ந்தபின் அள்ளட்டும். பொடி பறக்கும் என்பதால் அப்போதும் மூக்கை மூடிக்கொள்ள வேண்டும்.

சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருத்துவக் கல்லூரிக் குழந்தைகள் பிரிவிலும், காய்ச்சலும் மூச்சு வாங்கலுமாக வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு கேள்விகள் கேட்கப்பட வேண்டும்: வீட்டில், பக்கத்தில் கோழி, வாத்து உண்டா? கடந்த 10 நாளில் ஏதாவது செத்ததா, அறுத்தீர்களா? ஆம் என்றால் ஓசெல்டாமிவிர் என்ற இன்ஃப்ளூயன்சா எதிர்ப்பு மருந்தை முடிவு வரும்வரை காத்திராமல் தொடங்க வேண்டும். முதல் 48 மணி நேரத்தில் கொடுத்தால்தான் முழுப் பலன். வேறொரு வைரஸ் கிடைத்துவிட்டது என்று சோதனையை நிறுத்தக் கூடாது. வங்கக் குழந்தையிடம் முதலில் கிடைத்தவையும் வேறு வைரஸ்கள்தான். பறவை வைரஸ் நுரையீரலின் அடியில் தங்குவதால் தொண்டைச் சளியில் அகப்படாமலும் போகும். செயற்கை சுவாசத்தில் இருக்கும் குழந்தைக்கு மூச்சுக்குழாயின் அடியிலிருந்தே மாதிரி எடுக்க வேண்டும். ‘ஏ’ என்று வந்து வகை தெரியாவிட்டால் அன்றே புனேவுக்கு அனுப்ப வேண்டும்.

கால்நடை மருந்தகத்துக்குக் கோழிச் சாவு பற்றித் தகவல் வந்தால், அதே நாளில் அந்த ஊர்க் கிராம சுகாதார செவிலியருக்கும் சொல்லிவிட வேண்டும். இரு துறைகளுக்கும் இடையே ஒரு தொலைபேசி அழைப்பு போதும். கறிக்கோழி விலை அச்சாகும் பெட்டிக்குக் கீழே 1962 என்ற எண்ணையும் மேற்சொன்ன இரண்டு கேள்விகளையும் தாங்கள் தொடர்ந்து வெளியிட்டால், அது நாங்குநேரியிலும் செங்கோட்டையிலும் உள்ள வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர்,
நாங்குநேரி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.