பிள்ளையின் கையைப் பார்க்குமுன் கண்ணைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத் தோட்டப் பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகளில் பிள்ளைகள் பாடவேளையில் கைக்குள் உருட்டிக்கொண்டிருக்கும் தேயிலைக் கொட்டை, போத்தல் மூடி, இறப்பர் வளையம், அண்மைக்காலமாகக் கடைத்தெருவில் விற்கப்படும், குமிழ்களை அழுத்தி விளையாடும் ‘பொப் இட்’ ஆகியவற்றைக் கண்டவுடன் பறித்து மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவது ஆசிரியர்களாகிய எங்களிடையே வழக்கமாகிவிட்டது. பறிப்பதற்கு முன்னர் அந்தப் பிள்ளையின் கண் எங்கே இருக்கிறது என்று பார்க்கும்படி சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் விரல்கள் ஓயாமல் செடிமீது ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவர் பக்கத்து நிரையில் நிற்பவருடன் கதைக்கிறார், கங்காணி சொல்வதையும் கேட்டுக்கொள்கிறார். அவருடைய பிள்ளைக்கு மட்டும் கையைக் கட்டினால்தான் காது கேட்கும் என்று நாம் ஏன் எண்ணுகிறோம்? 2009 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக உளவியலாளர் ஜாக்கி அன்ட்ரேட் வெளியிட்ட ஆய்வில், சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தியொன்றைக் கேட்டுக்கொண்டே தாளிலுள்ள வடிவங்களுக்கு நிழல் தீட்டியவர்கள், சும்மா இருந்து கேட்டவர்களை விட 29 சதவீதம் கூடுதலாக நினைவுகூர்ந்தனர். அவர்கள் வளர்ந்தவர்கள் என்பதால் அதை நம் வகுப்பறைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. 2015 இல் அமெரிக்காவில் சிறுவர்களிடம் செய்யப்பட்ட ஓர் ஆய்வு இன்னும் நுட்பமானது: கவனக்குறைவும் மிகைச் செயற்பாடும் உள்ள சிறுவர்கள் அதிகம் அசைந்தபோது நினைவாற்றல் பயிற்சியை நன்றாகச் செய்தார்கள், ஏனைய சிறுவர்களோ அதிகம் அசைந்தபோது பின்தங்கினார்கள். ஆகவே எல்லோருக்கும் அனுமதி, எல்லோருக்கும் தடை ஆகிய இரண்டுமே சோம்பேறித்தனமான தீர்ப்புகள் என்பது என் கருத்து.

பொருளுக்குப் பொருளும் வேறுபாடு உண்டு. 2017 இல் உலகெங்கும் பரவிய, விரல்களுக்கிடையே சுழற்றும் ‘ஸ்பின்னர்’ என்ற விளையாட்டுப் பொருள் சுழலும்போது கண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் கரும்பலகை தோற்றுவிடுகிறது. சுவரோ தட்டியோ இல்லாத ஒரே மண்டபத்தில் பல வகுப்புகள் நடக்கும் பாடசாலைகள் இன்னும் நம்மிடையே இருக்கும் நிலையில், ‘டப், டப்’ என்று ஒலிக்கும் எதையும் அனுமதிப்பது அடுத்த வகுப்பு ஆசிரியருக்குச் செய்யும் அநியாயம். முடிச்சிட்ட நூல், துணித்துண்டு, சுவெட்டர் ஓரம் ஆகியவற்றுக்குச் சத்தமும் இல்லை, செலவும் இல்லை. நாட்சம்பளத்தில் வாழும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளிடையே விலைகொடுத்து வாங்கிய பொருள் பொறாமையை மூட்டும் என்பதையும் மறக்கலாகாது. தரம் ஒன்றில் கொட்டை, மணி வகைகள் வேண்டவே வேண்டாம். அவை மூக்கிற்குள்ளும் வாய்க்குள்ளும் போய்விடும்.

பறித்த பொருளைத் தவணை முடியும்வரை திருப்பிக் கொடுக்காமல் வைத்திருப்பதே என்னை அதிகம் வருத்துகிறது. நமக்குக் குப்பையாகத் தோன்றும் சாவிக்கொத்து, வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்கிற்குச் சென்ற தாய் அனுப்பியதாக இருக்கலாம். அந்த மாலையிலேயே கொடுத்துவிடுவதில் ஆசிரியரின் மதிப்பு எந்த விதத்திலும் குறையாது.

பொருள் மடியிலேயே இருக்க வேண்டும், ஒலிக்கக் கூடாது, பக்கத்துப் பிள்ளைக்குக் கைமாறக் கூடாது என்ற மூன்று விதிகளைப் பிள்ளைகளோடு கலந்துபேசி வகுத்தால், அவற்றைக் காக்கும் பொறுப்பையும் அவர்களே பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். இரண்டு வாரம் பார்த்த பின்னரும் கொப்பியில் எழுத்து முன்னேறாவிட்டால், அந்தப் பிள்ளைக்கு மட்டும் அதை நிறுத்திவிடலாம். புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயாராகும் தரம் ஐந்து வகுப்புகளில் இதற்கு எதிர்ப்பு வரும் என்பதை அறிவேன். எனினும் அந்த வகுப்புகளில்தான் பிள்ளைகள் மிக நீண்ட நேரம் அசையாமல் உட்கார்த்தி வைக்கப்படுகிறார்கள்.

ஹட்டன், நுவரெலியா கல்வி வலயங்களின் ஆரம்பக் கல்வி ஆசிரிய ஆலோசகர்கள், அடுத்த தவணைக்கான கருத்தரங்கில் இவ்விடயத்திற்கு அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும் எனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
ஆரம்பப் பிரிவு ஆசிரியை,
தலவாக்கலை.