சல்லடை பிடித்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

தென் அட்லாண்டிக் கடலில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவின் வடமேற்கு முனையை ஒட்டிய பேர்ட் தீவில் கடற்பறவைகளும் கடல்நாய்களும் எவ்வளவு கிரில் (இறால் போன்ற சிறு கடலுயிர்), மீன், கணவாய் உண்கின்றன என்பதைப் பற்றிய என் ஆய்வேடு ஏற்கப்பட்டுவிட்டது. அதன் அட்டையில் என் பெயர் மட்டும் இருப்பது மனத்தை உறுத்துவதால் இம்மடலை எழுதுகிறேன்.

விலங்குகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளைக்கு வேண்டிய ஆற்றல், இரையில் உள்ள ஆற்றல், உணவில் ஒவ்வோர் இரையின் பங்கு ஆகியவற்றைப் பெருக்கியும் வகுத்தும்தான் டன் கணக்கு வருகிறது. கணக்கைக் கணினி நொடியில் போட்டுவிடும். பங்கை அறிய உரோமக் கடல்நாயின் மலத்தைக் கழுவியே ஆகவேண்டும். விரல் மரத்துப்போகும் குளிரில் சல்லடையைச் சாய்த்துப் பிடித்து, இளஞ்சிவப்பான கிரில் ஓடுகளுக்கிடையே கிடந்த, மீனின் செவிக்குள் இருக்கும் பொடிக் காதுக்கற்களை இடுக்கியால் பொறுக்கி, இது விளக்குமீன், இது பனிமீன் என்று பிரித்துத் தந்த களத் தோழர்களுக்கு முதல் நன்றி.

எனக்கு முன் அங்கிருந்தவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். கிரில் அரிதாகிப்போன 1994ஆம் ஆண்டுக் கோடையில் மக்கரோனி பென்குயின்கள் ஆம்பிபாட் எனும் சிறு ஓட்டுயிர்களைத் தின்று சமாளித்தன என்பதை அவர்கள் அன்றே குறித்துவைத்திராவிட்டால், ஓராண்டின் உணவை எல்லா ஆண்டுகளுக்கும் பெருக்கிவிடும் பிழையை நான் செய்திருப்பேன்.

சிறிய காதுக்கற்கள் இரைப்பையிலேயே கரைந்துவிடுவதால் மீனின் அளவு குறைவாகத் தெரியும் என்றும், கணவாயின் கெட்டியான வாய் அலகோ வாரக்கணக்கில் வயிற்றில் தங்குவதால் கணவாய் மிகையாகத் தெரியும் என்றும் எச்சரித்து, ஒற்றை எண்ணை அடித்துவிட்டு மேல்வரம்பும் கீழ்வரம்பும் எழுதவைத்த என் நெறியாளருக்கு நன்றி. அன்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. அதே கடலில் குளிர்காலத்தில் மீன்பிடிக் கப்பல்களும் கிரில் அள்ளுகின்றன. 1982இல் நடைமுறைக்கு வந்த அண்டார்க்டிகக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு உடன்படிக்கை, அந்த இரையை நம்பி வாழும் விலங்குகளையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. அங்கே துல்லியம்போல் காட்சிதரும் ஓர் எண்ணைவிட நேர்மையான வீச்சே பயன்படும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

கடைசியாக, குளிர்காலத்தில் நிலையத்தில் உடனிருந்தவர்களுக்கு. தனிச் சமையற்காரர் இல்லாத இடத்தில் முறைவைத்துச் சமைத்தோம். என் முறை வந்த நாள்களில், கையை எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாய் என்று கேட்டுவிட்டு, பதிலை முழுதாக நம்பாமலே தட்டை நீட்டினீர்கள். அதற்கும் நன்றி.