ஒளித்தவர்தான் எடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஜியோகேச்சிங் பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. யாரோ ஒளித்துவைத்த டப்பாவை ஜிபிஎஸ் துணையோடு தேடிப் போவது, கிடைத்ததும் உள்ளே இருக்கும் நோட்டில் பெயரெழுதிவிட்டு இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பது என்று அதில் இருக்கும் சந்தோஷத்தை எழுதியவர் அப்படியே கொண்டுவந்திருந்தார். ஆனால் கடைசிப் பத்தியில் ‘நீங்களும் ஒன்றை ஒளித்துவைத்துப் பாருங்கள்’ என்று வாசகர்களை அழைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வைத்த பிறகு அந்த டப்பா யார் பொறுப்பு? உடைந்தாலோ, தொலைந்தாலோ, இனி போதும் என்று தோன்றினாலோ என்ன செய்வது? இதைச் சொல்லாமல் ஒருவரைப் பெட்டி வைக்கச் சொல்லக் கூடாது என்பது என் கருத்து. பல வருடமாகத் தேடுகிறவன், சில பெட்டிகளை வைத்துப் பார்த்துக்கொள்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இந்த விளையாட்டு பிறந்தபோது விதி என்று எதுவும் இல்லை. ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நிறுத்தியது. அதுவரை நூறு மீட்டர் வரை தவறாகக் காட்டிய கருவிகள் திடீரென்று ஓரிரு மரங்களுக்குள் வழிகாட்டத் தொடங்கின. மே 3ஆம் தேதியே டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு கறுப்பு வாளியைப் பாதி மண்ணில் புதைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டார். உள்ளே புத்தகம், கவண், பீன்ஸ் டின் என்று என்னென்னவோ இருந்தன. இன்றைய விதிப்படி அந்த முதல் பெட்டிக்கே அனுமதி கிடைக்காது. மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது, உணவுப் பொருள் வைக்கக் கூடாது, நிலத்துக்கு உரியவரிடம் கேட்காமல் வைக்கக் கூடாது. பட்டுத் தெரிந்துகொண்டு எழுதிய விதிகள் இவை. வைத்தவரே அவ்வப்போது போய்ப் பார்க்க வேண்டும் என்ற விதியும் அப்படி வந்ததுதான். சுற்றுலா போன இடத்தில் ஒரு டப்பாவைச் செருகிவிட்டு ஊர் திரும்புகிறவர்களின் பெட்டிகளைப் பொதுவாக ஏற்பதில்லை. கோளாறு என்றால் யார் போய்ப் பார்ப்பது?

பராமரிக்காத பெட்டி எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் போவது மூடியின் ரப்பர் வளையம். ஒரு மணல் துகள் மாட்டினால் போதும், மழைநீர் உள்ளே கசிய ஆரம்பித்துவிடும். நோட்டைப் போட்டுவைத்த ஜிப் கவரை அதோடு கிடக்கும் பென்சிலின் முனையே குத்திக் கிழித்திருக்கும். திறந்தால் புளித்த வாடை வரும். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புப் பூஞ்சை பிடித்திருக்கும். விரலால் பிரித்தால் கூழாகிக் கையோடு வரும். குழந்தைகளுக்கென்று யாரோ ஆசையாகப் போட்ட பொம்மைகள் துருப்பிடித்த தண்ணீரில் மிதக்கும். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் என்றால் தொட்டதும் சில்லு சில்லாக உடையும். அந்தச் சில்லுகளை மண்ணிலிருந்து முழுதாகப் பொறுக்கி எடுக்க யாராலும் முடியாது.

இதற்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பெட்டி மோசமாக இருந்தால் கண்டுபிடித்தவர் உரிமையாளருக்குத் தகவல் கொடுக்கலாம். அவர் கண்டுகொள்ளாவிட்டால், பெட்டிகளைச் சரிபார்த்து வெளியிடும் தன்னார்வலரான ரிவ்யூவரின் கவனத்துக்குக் கொண்டுபோகலாம். ரிவ்யூவர் அந்தப் பெட்டிக்கான இணையப் பக்கத்தைத் தற்காலிகமாக முடக்கிச் சில வாரம் அவகாசம் கொடுப்பார். அப்போதும் பதில் இல்லையென்றால் பக்கத்தை ஆர்க்கைவ் செய்துவிடுவார், அதாவது மூடிவிடுவார். வரைபடத்திலிருந்து அடையாளம் போய்விடும்.

அடையாளம்தான் போகிறது. பெட்டி அங்கேயேதான் கிடக்கிறது. ஆர்க்கைவ் ஆனதோடு காரியம் முடிந்தது என்று நினைக்கிற உரிமையாளர்கள்தான் இந்த விளையாட்டுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்கள். பெட்டிகளின் பட்டியலை இணையத்தில் நடத்தும் நிறுவனம் தெளிவாகவே இருக்கிறது: பெட்டி என்பது அதை வைத்தவருடைய சொத்து, நாங்கள் பட்டியலை மட்டுமே நடத்துகிறோம் என்கிறது. ரிவ்யூவரும் காட்டுக்குள் போய் எடுத்துவரப் போவதில்லை. தேடி வந்துகொண்டிருந்தவர்களும் இனி வரமாட்டார்கள். எந்த நாளில் ஒருவர் கட்டாயம் போக வேண்டுமோ, அந்த நாளிலிருந்து யாருமே போகாத இடமாகிவிடுகிறது அது.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. ஒன்றை ஆர்க்கைவ் செய்ததும் அந்த இடம் காலியாகிவிடுகிறது, வேறொருவர் பக்கத்திலேயே புதிதாக ஒன்றை வைக்கலாம். பழையதை எடுக்காமல் விட்டிருந்தால், புதியதைத் தேடி வருகிறவர் பழைய டப்பாவைக் கண்டெடுத்து, செத்துப்போன நோட்டில் கையெழுத்திட்டுவிட்டுப் போகிறார். பெட்டி விட்டுப் பெட்டி ஊர் ஊராகப் பயணம் போக வேண்டிய, போகும் வழியை இணையத்தில் பார்க்கக்கூடிய டிராவல் பக் வில்லைகளும் இப்படிப்பட்ட டப்பாக்களுக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கின்றன. எங்கோ ஒரு குழந்தை அது அடுத்து எங்கே போகப்போகிறது என்று இன்னமும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

தேடுகிறவர்கள் பக்கமும் தப்பு இருக்கிறது. நோட்டு கூழாகிக் கிடப்பதைப் பார்த்துவிட்டும் ‘கிடைத்தது, நன்றி’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள். வைத்தவர் மனம் நோகுமாம். சொன்னால் நோகாது, சொல்லாமல் விட்டால்தான் பெட்டி சாகிறது. இதைவிட மோசம், தேடிக் கிடைக்கவில்லை என்றதும் பையிலிருக்கும் ஃபிலிம் டப்பா ஒன்றை அங்கே போட்டுவிட்டு, கண்டுபிடித்ததாகக் கணக்கில் சேர்த்துக்கொள்வது. பல சமயம் அசல் பெட்டி ஒரு முழம் தள்ளி பத்திரமாக இருக்கும். இப்போது ஒரே இடத்தில் இரண்டு டப்பா. இரண்டாவதுக்கு உரிமையாளர் என்று யாரும் கிடையாது, அதை எடுக்கும் கடமையும் யாருக்கும் கிடையாது. இதை உதவி என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பெட்டி என்னவென்று தெரியாதவர்கள் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2011இல் இங்கிலாந்தின் வெதர்பியில் ஒரு ஜியோகேச் டப்பாவை வெடிகுண்டோ என்று சந்தேகித்து, நிபுணர்கள் வந்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். வெளியே இது இன்னது என்ற விவரம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். கேட்பாரற்றுக் கிடக்கும் டப்பாவில் முதலில் அழிவது அந்த எழுத்துதான்.

அப்படியென்றால், ஆர்க்கைவ் ஆன பெட்டியை வேறு யாராவது எடுத்துவிடலாமா? அவசரப்படக் கூடாது. அதே பெட்டி வேறொரு இணையதளத்தின் பட்டியலில் இன்னும் உயிரோடு இருக்கலாம். முதலில் உரிமையாளருக்கு எழுத வேண்டும், மற்றப் பட்டியல்களையும் பார்க்க வேண்டும், பதிலுக்கு நியாயமான அளவு காத்திருக்க வேண்டும். அப்புறமும் சத்தமில்லையென்றால் எடுத்துவிடுவதுதான் சரி. எடுத்ததைப் பழைய பக்கத்தில் எழுதிவைத்து, டிராவல் பக் இருந்தால் அடுத்த பெட்டிக்கு அனுப்பிவைக்க வேண்டும். பெட்டி குப்பையாவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் எந்த மரியாதையும் இல்லை.

சொல்லத் தயங்கும் விஷயம் ஒன்று உண்டு. வைத்தவர் இறந்துவிட்டால்? பெட்டியை இன்னொருவர் பெயருக்கு மாற்றிக்கொடுக்க வழி இருக்கிறது, ஆனால் மாற்றிக்கொடுக்க வேண்டியவர் உரிமையாளரே. அவர் சம்மதம் இல்லாமல் பெயர் மாறாது. வீட்டில் இருப்பவர்களுக்கோ அந்தப் பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்றே தெரியாது. அவர் நினைவாக அவற்றைக் காப்பாற்ற விரும்பும் நண்பர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். வயதானவர்கள், உடல் முடியாதவர்கள், வேறு ஊருக்குக் குடிபோகிறவர்கள் எல்லாரும் முடிகிற காலத்திலேயே ஒருவரைக் கேட்டு, அவர் சம்மதித்தால் மாற்றிக்கொடுத்துவிட வேண்டும். யாரும் கிடைக்காவிட்டால் தாங்களே போய் எடுத்துவந்துவிட வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் எந்த மரத்தடியில், எந்தக் கல் இடுக்கில் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவைத்தாலும் போதும்.

உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இன்று பட்டியலில் இருக்கின்றன. புதிதாக வைக்க ஆசைப்படுகிறவர்கள் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொண்டு அவற்றை நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும். நேரமில்லாதவர்களுக்கு எர்த்கேச் இருக்கிறது. ஒரு பாறையையோ அருவியையோ பார்த்துக் கேள்விக்குப் பதில் எழுதினால் போதும், அங்கே டப்பாவே கிடையாது. கட்டுரையின் தொடர்ச்சி வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். பெட்டி வைப்பது எப்படி என்று சொல்லும் இடத்திலேயே அதை எடுப்பது எப்படி என்றும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்